சத்து மாத்திரை குறையை நிரப்பும்... குடல் புண்ணை ஆற்றுமா?

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை தென்பெண்ணை ஆற்றில் கால் வைக்க இடமிருக்காது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். சுற்றுவட்டார ஊர்களில் இருந்தெல்லாம் ஜனம் திரண்டு வரும். மணலில் கடைகள், கரும்பு, பலகாரம், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று ஊரே ஆற்றில்தான் இருக்கும்.

அதே ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த வீட்டின் 24 வயது மகன் மட்டும் திருவிழாவுக்குப் போகவில்லை. அவசரம் என்றால் ஆற்றங்கரையில் கழிவறைக்கு எங்கே ஓடுவது என்ற பயம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை வயிற்றுப்போக்கு. கூடவே ரத்தமும் சளியும். மூலம் என்று நினைத்து ஆறு மாதம் கைமருந்து சாப்பிட்டான். உடம்பு இளைத்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. கடைசியில் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தபோதுதான் பெருங்குடலில் புண் இருப்பது தெரிந்தது. 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்' என்று பெயர் சொன்னார்கள். மெசலமைன் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ரத்தம் நின்றது. முகத்தில் தெளிவு வந்தது.

அப்போதுதான் அத்தை ஒரு பையோடு வருகிறார். அதில் மஞ்சள் கேப்சூல், 'குடல் சுத்தம்' செய்யும் பொடி, ஒரு புரோட்டீன் டப்பா.

"எத்தினி நாளைக்குத்தான்டா இந்த இங்கிலீஷ் மாத்திரைய முழுங்குவ? அதான் நல்லாயிட்டல்ல. அத்தை வாங்கியாந்தத சாப்ட்டுப் பாரு" என்கிறார் அம்மா.

"சரிம்மா."

இந்த வீடு கற்பனை. ஆனால், நீண்டநாள் குடல் நோய் உள்ள எந்த வீட்டிலும் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். அத்தையின் அன்பில் குறை இல்லை. பையில் இருக்கும் எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. ஆபத்து, அந்த 'சரிம்மா'வில் இருக்கிறது. புதிய டப்பா உள்ளே வரும்போது பழைய மாத்திரை வெளியே போய்விடுகிறது.

குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் எந்தச் சத்து மாத்திரையை எடுக்கலாம், எதைத் தள்ளி வைக்க வேண்டும், எதை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது? பார்க்கலாம்.

மூலமும் இல்லை, சாதாரண அல்சரும் இல்லை

குடல் அழற்சி நோய், சுருக்கமாக ஐ.பி.டி. இதில் முக்கியமானவை இரண்டு. அல்சரேட்டிவ் கொலைடிஸ் பெருங்குடலின் உள்பூச்சில் மட்டும் புண்ணை உண்டாக்கும். கிரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடிக்கும். இது குடல் சுவரின் ஆழம் வரை போகக்கூடியது. குடலைச் சுருக்கி அடைப்பை உண்டாக்கும். 1932-ல் நியூயார்க்கில் இதை விவரித்த மருத்துவர்களில் ஒருவரான பரில் கிரோன் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, குடலையே விடாமல் தாக்குவதுதான் பிரச்னை. பரம்பரை, குடலில் வாழும் பாக்டீரியா, சூழல், உணவு எனப் பல காரணங்கள் சேர்ந்து இதைக் கிளப்பிவிடுகின்றன. தொற்று நோய் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்குகிறது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் வருகிற வயது. கழிவறை விஷயம் என்பதால் வீட்டில்கூட வெளிப்படையாகச் சொல்வதில்லை.

உலக அளவில் 2017-ல் சுமார் 68 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பீடு. இந்தியாவில் 1990-ல் 1.3 லட்சமாக இருந்த எண்ணிக்கை, 2019-ல் 2.7 லட்சமாக இருமடங்கானது என்கிறது அதே வகைக் கணக்கீடு.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் கிரோன்ஸ் நோயும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வயிற்றுவலி, எடை குறைவு, காய்ச்சல், குடலில் புண் என்று அடையாளங்கள் பொருந்திப்போகும். ஆனால் சிகிச்சை வேறு. காசநோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவலாம். அதனால் கொலனோஸ்கோப்பி, சதைத் துணுக்குப் பரிசோதனை இல்லாமல் 'குடல் புண்ணுக்கு' என்று எதையும் வாங்கிச் சாப்பிடுவது இருட்டில் கல் எறிவதுதான்.

சத்து எங்கே போகிறது?

ஐ.பி.டி உள்ளவர்களுக்குச் சத்துக்குறை வருவதற்குத் தெளிவான வழிகள் இருக்கின்றன. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் அதோடு இரும்புச்சத்தும் போகும். தொடர் வயிற்றுப்போக்கில் துத்தநாகம், மக்னீசியம் வெளியேறும். வைட்டமின் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடலில் சேரும். கிரோன்ஸ் நோய் பிடிப்பதும் அதே இடத்தை. ஸ்டீராய்டு மாத்திரைகள் எலும்பைப் பலவீனமாக்கும். சாப்பிட்டால் வலிக்கும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைப்பதும் சேர்ந்துகொள்ளும்.

குடல் கெட்டால் வைட்டமின் கரையும் என்பதற்கு இந்தப் பகுதிக்கு அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. மணலூர்பேட்டையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டம். 1989-க்கு முன் அது வட ஆற்காடு மாவட்டத்தோடு இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, மெலிவு, ரத்தசோகை. வேலூர் சி.எம்.சி மருத்துவமனையைச் சேர்ந்த செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் ஆகியோர் இதை ஆராய்ந்தார்கள். குடல் உறிஞ்ச முடியாததால் ஃபோலிக் அமிலமும் பி12-ம் உடலில் குறைந்துபோவது இந்த நோயின் முக்கிய அடையாளம். அந்த இரண்டையும் கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்தது. ஸ்ப்ரூ வேறு, ஐ.பி.டி வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்: குடல் நோயில் என்ன குறைகிறது என்று அளந்து, குறைந்ததைக் கொடுக்க வேண்டும்.

இரும்பு: மாத்திரையா, ஊசியா?

ஐ.பி.டி-யில் அதிகம் காணப்படும் குறை இரும்புச்சத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழும் போனால் ரத்தசோகை.

நோய் அடங்கியிருந்து, ரத்தசோகை லேசாக இருந்தால் மாத்திரை போதும். நோய் தீவிரமாக இருக்கும்போதும், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருக்கும்போதும், மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோதும் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதையே ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல் முதலில் சொல்கிறது. காரணம் எளிது. அழற்சி இருக்கும்போது குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சாமல் தங்கும் இரும்பு குமட்டல், வலி, வயிற்றுப்போக்கைக் கூட்டலாம்.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் அளவு பொய்யாக ஏறிக்காட்டும். அழற்சி இல்லாதவருக்கு 30-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறை. அழற்சி உள்ளவருக்கு 100 வரை இருந்தாலும் குறை இருக்கலாம். லேப் தாளில் 'நார்மல்' என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும். அது சாதாரணம். ஆனால் மேல் குடலில் ரத்தம் கசிந்தாலும் மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். எனவே இரும்பு மாத்திரை எடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாராவாரம் இரும்பு - ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு பிள்ளைக்கு ரத்தசோகை மாறவில்லை, எடை ஏறவில்லை, அடிக்கடி வயிற்றுவலி என்றால் 'சரியா சாப்பிடறதில்ல' என்று திட்டி விட்டுவிடாதீர்கள். குடலையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி

பி12: கிரோன்ஸ் நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடித்தவர்களுக்கும், அந்தப் பகுதியில் 20 செ.மீ-க்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்கும் பி12 குறையும் வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு ஊசியாகத் தர வேண்டி வரலாம். கை, கால் மரத்துப்போவது, நாக்குப் புண், மறதி ஆகியவை எச்சரிக்கை மணி. பெருங்குடலில் மட்டும் நோய் உள்ளவருக்கு நோயால் பி12 குறைவது அபூர்வம். அசைவம், பால் தொடாதவர்களுக்கு உணவால் குறையலாம்.

ஃபோலிக் அமிலம்: சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் மருந்துகள் ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் குறைக்கும். அதனால் டாக்டர்களே கூடவே இதை எழுதித் தருவார்கள். சின்ன மஞ்சள் மாத்திரைதானே என்று விட்டுவிடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே எடுப்பது. எந்த நாளில் எது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டும் மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து.

வைட்டமின் டி, கால்சியம்: ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்பைக் காக்க இவை தேவை. இங்கேயும் ஒரு பொறி உண்டு. கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடி பாக்கெட்டும் கேப்சூலும் பொதுவாக வாரத்துக்கு ஒன்று என்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் தரப்படுபவை. அதைத் தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

துத்தநாகம், மக்னீசியம்: அதிக வயிற்றுப்போக்கில் துத்தநாகம் உதவும். மாதக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் உடலில் செம்புச் சத்து குறையும். மக்னீசிய மாத்திரையே சிலருக்கு வயிற்றுப்போக்கைக் கூட்டும். அதிக அளவு வைட்டமின் சி-யும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி: முதலில் அளவு பார்க்க வேண்டும், பிறகு கொடுக்க வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும்.

மஞ்சள் கேப்சூல்: ஆய்வு என்ன சொல்கிறது?

அத்தை கொண்டுவந்த பையில் அதிகம் பேசப்படுவது இதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி உண்மையிலேயே ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

2006-ல் ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேருக்கு, வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமினோ, போலி மாத்திரையோ ஆறு மாதம் கொடுத்தார்கள். குர்குமின் எடுத்தவர்களில் சுமார் 5 சதவிகிதம் பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 20 சதவிகிதம் பேருக்கும் நோய் திரும்பியது. 2015-ல் இஸ்ரேல் தலைமையில் வெளிவந்த ஓர் ஆய்வில், மெசலமைன் மட்டும் போதாமல் இருந்த 50 பேரில், கூடவே 3 கிராம் குர்குமின் எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் அடங்கவில்லை.

ஆனால், 2017-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வு வேறு கதை சொன்னது. 62 பேர் பங்கேற்ற அதில், தினம் 450 மில்லிகிராம் குர்குமின், போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, பலன் கிடைத்த இரண்டு ஆய்வுகளிலும் மருந்தோடு சேர்த்துத்தான் குர்குமின் கொடுத்தார்கள். மருந்தை யாரும் நிறுத்தவில்லை. இரண்டு, அளவு குறைந்தால் பலன் இல்லை. மூன்று, எல்லாமே சிறிய ஆய்வுகள். அல்சரேட்டிவ் கொலைடிஸ் பற்றியவை. கிரோன்ஸ் நோய்க்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

'அப்போ சமையல் மஞ்சளையே கூடப் போட்டுக்கலாமே' என்று தோன்றும். மஞ்சள் தூளில் குர்குமின் சராசரியாக 3 சதவிகிதம்தான். ஆய்வில் தந்த 3 கிராமுக்கு, தினமும் 100 கிராம் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். குழம்பில் போடும் மஞ்சள் குழம்புக்கு நல்லது. அதை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

அளவு கூடினால் ஆபத்தும் கூடும். அமெரிக்காவில் மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரம் 2022-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். உடல் அதிகம் உறிஞ்சுவதற்காகச் சில கேப்சூல்களில் மிளகுச் சத்தும் சேர்க்கிறார்கள். அசதையாபிரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குக் கல்லீரலை ஏற்கெனவே அடிக்கடி பரிசோதிப்பார்கள். அவர்கள் தாங்களாக மஞ்சள் கேப்சூல் எடுப்பது சரியல்ல.

மீன் எண்ணெய், நல்ல பாக்டீரியா

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 அழற்சியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில், கிரோன்ஸ் நோயாளிகளிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 700-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது. மீன் சாப்பிடலாம், நல்ல உணவு. ஆனால், நோயைத் தடுக்கும் என்று நம்பி மாதாமாதம் பணம் கொட்ட வேண்டியதில்லை.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் விஷயம் கொஞ்சம் வேறு. 2009-ல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில் 147 அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோயாளிகள் பங்கேற்றார்கள். பல வகை பாக்டீரியா கலந்த, மிக அதிக அளவுள்ள ஒரு குறிப்பிட்ட தயாரிப்பை எடுத்தவர்களில் சுமார் 43 சதவிகிதம் பேருக்கும், போலி மருந்து எடுத்தவர்களில் சுமார் 16 சதவிகிதம் பேருக்கும் 12 வாரத்தில் நோய் அடங்கியது. ஆனாலும் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க இரைப்பை - குடல் மருத்துவச் சங்கம், இந்த இரண்டு நோய்களுக்கும் புரோபயாடிக்கை ஆய்வுக்குள் மட்டும் பயன்படுத்தும்படி 2020-ல் சொன்னது. ஒரு தயாரிப்புக்குக் கிடைத்த பலன் கடையில் உள்ள எல்லா டப்பாவுக்கும் சொந்தமாகாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றான சம்பவங்களும் அபூர்வமாக உண்டு.

பழைய சோறு என்ன செய்யும்?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாடே கேட்டிருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், இரைப்பை - குடல் அறுவை சிகிச்சைத் துறை டாக்டர் எஸ்.ஜெஸ்வந்த் தலைமையில், குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராயும் திட்டத்துக்கு 2021-ல் தமிழக அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது. கேலிக்கு ஆளான ஏழை வீட்டுக் காலை உணவு, அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும். வடித்து ஆறிய சோற்றில், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஒருவகை மாவுச்சத்து கூடும். அதை அங்குள்ள பாக்டீரியா நொதிக்கச் செய்து, குடல் சுவர் செல்களுக்குத் தீனியாகும் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். புரோபயாடிக் டப்பா விலையில் ஒரு குடும்பமே பல நாள் பழைய சோறு சாப்பிடலாம்.

ஆனால் இதுவும் உணவுதான். மருந்தோடு சேர்த்துச் சாப்பிடலாம்; மருந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அல்ல. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, சுத்தமான பாத்திரத்தில் மூடிவைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். இரண்டு நாள் வைத்த சோறு வேண்டாம். நோய் தீவிரமாக இருக்கும் நாள்களில் பச்சை மிளகாய், ஊறுகாயைத் தவிர்ப்பது வயிற்றுக்கு இதம்.

தொடவே கூடாதவை

குடல் சுத்தப் பொடிகள்: நிலாவரை, கடுக்காய் சேர்ந்த பொடிகள் பேதிக்குத் தருபவை. மலச்சிக்கல் உள்ளவருக்கு அது பலன். புண் உள்ள குடலில் அது எரிகிற இடத்தைக் கிளறுவது. கல்வராயன் மலைக் கடுக்காய் என்றாலும் கணக்கு மாறாது. சோற்றுக்கற்றாழையின் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலும் பேதி மருந்துதான்.

இசப்கோல்: நோய் அடங்கிய அல்சரேட்டிவ் கொலைடிஸில் சிலருக்கு உதவலாம். கிரோன்ஸ் நோயால் குடல் சுருங்கியவருக்கு, ஊதிப் பெருகும் இந்த நார் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகலாம்.

'எதிர்ப்புச் சக்தி' கூட்டும் மூலிகைகள்: இந்த நோயே எதிர்ப்புச் சக்தி தவறான திசையில் பாய்வதால் வருவது. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்த ஆறு பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை வெளியிட்டார்கள். சீந்திலைக் குறைசொல்வது சரியல்ல என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. வாதம் எப்படி இருந்தாலும், கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்தை ஏற்கெனவே எடுப்பவர் இதில் சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

அவுரி நீலம்: திண்டிவனம் வட்டாரத்தில் சாயத்துக்காகப் பயிரிடும் அவுரி தெரிந்திருக்கும். இதுபோன்ற செடிகளின் நீலத்திலிருந்து செய்யும் 'சிங் டாய்' என்ற சீனப் பொடி, ஜப்பானில் நடந்த ஆய்வில் அல்சரேட்டிவ் கொலைடிஸை நன்றாகவே அடக்கியது. ஆனால், அதைத் தாங்களாக வாங்கிச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியது. ஜப்பான் அரசு 2016-ல் எச்சரித்தது. ஆய்வும் இடையில் நிறுத்தப்பட்டது. இயற்கையானது, வேலையும் செய்கிறது, அப்படியும் ஆபத்து உண்டு என்பதற்கு இது உதாரணம்.

புரோட்டீன் பவுடர்: உடல் மெலிந்தவருக்குப் புரதம் தேவைதான். ஆனால் பால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாலில் செய்த பவுடர் வயிற்றைப் பொருமவைக்கும். 'சர்க்கரை இல்லை' என்று விற்பவற்றில் உள்ள சார்பிட்டால், மன்னிட்டால் போன்ற இனிப்புகள் வயிற்றுப்போக்கைத் தரும். முட்டை, மீன், வேகவைத்து மசித்த பருப்பு ஒத்துக்கொண்டால் அதுவே நல்லது.

டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்

சத்து மாத்திரைகள் சட்டப்படி உணவு வகையில் வருபவை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். முன்பக்கம் 'குடல் நோய்க்குத் தீர்வு' என்ற தொனியில் படம் போட்டிருந்தாலும், பின்பக்கம் நிறுவனமே இது மருந்து இல்லை என்று எழுதியிருக்கும். உரிம எண், பொருள்களின் அளவு, காலாவதித் தேதி இல்லாத பொடியை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்?

2003-ல் அமெரிக்காவில், மெசலமைன் எடுத்து நோய் அடங்கியிருந்த 99 அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோயாளிகளைக் கவனித்தார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. அறிகுறி இல்லாத நாள்களில் மருந்து சும்மா இருப்பதுபோலத் தோன்றும். அறிகுறி இல்லாமல் இருப்பதே அதன் வேலையால்தான். அழற்சி வருடக்கணக்கில் உள்ளே புகைந்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். அதனால்தான் பெருங்குடலில் நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனவர்களுக்கு அவ்வப்போது கொலனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது...

* வீட்டில் எடுக்கும் எல்லா டப்பா, பொடி, லேகியத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, காட்டினால் போதும்.

* 'எனக்கு எந்தச் சத்து குறைவு? எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?' என்று கேளுங்கள்.

* 'எவ்வளவு, எத்தனை நாள், மறுபடி எப்போது பரிசோதனை?' என்று எழுதி வாங்குங்கள்.

* கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள், ஆண்கள் இருவருமே மருந்துகள் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். சில மருந்துகளை மாற்ற வேண்டும். பலவற்றைத் தொடர வேண்டும்.

* மாத்திரை விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மாற்று உண்டா என்று கேட்கலாம்.

கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரம் முண்டியம்பாக்கத்திலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. குடல் நோய்க்கான தனிச் சிகிச்சைத் துறை புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது.

இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, தூக்கத்திலிருந்து எழுந்து கழிவறைக்கு ஓடுவது, காரணமில்லாமல் எடை குறைவது என்றால் தள்ளிப்போட வேண்டாம். அதிக காய்ச்சல், வயிறு உப்பி வலிப்பது, விடாத வாந்தி, ரத்தம் கொட்டுவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறுபடி அந்தக் கற்பனை வீட்டுக்குப் போவோம். மகன் இப்போது அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: "அத்தை குடுத்தத அப்டியே பையோட எடுத்து வைம்மா. அடுத்த வாரம் டாக்டருகிட்ட காட்டி, எது வேணும்னு கேட்டுக்கலாம். இந்த மாத்திரைய மட்டும் நிறுத்த மாட்டேன்."

குடல் சுத்தப் பொடி குப்பைக்குப் போகும். புரோட்டீன் டப்பாவுக்குப் பதில் முட்டை வரலாம். மஞ்சள் கேப்சூல் வேண்டுமா, வேண்டாமா என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்வார். இரும்புச்சத்து ஊசியாக ஏறினால் ஹீமோகுளோபினும் ஏறும். அத்தைக்கு வருத்தம் வேண்டாம். காலையில் பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துத் தரும் வேலை அவருடையது.

அடுத்த தை ஐந்தாம் நாளுக்கு, ஆற்றங்கரையில் கழிவறை எங்கே என்று தேடாமல் அவனும் போய்வரலாம்.